மூடியைக் கழற்றிய ரூட்டர்

(பொறியியல் கல்லூரி ஒன்றில் இறுதியாண்டு மாணவர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவு. பேச்சின் நடையை அதிகம் மாற்றாமல் அச்சிடுகிறோம்.)



உள்ளே நுழையும்போதே ஒரு தம்பி, “சார், பிபிடி பென் டிரைவில் இருக்கா, மெயில்ல இருக்கா?” என்று கேட்டார். இரண்டிலும் இல்லை. மேஜைமேல் துண்டு விரித்து ஒரு இரும்புப் பெட்டியை வைத்திருக்கிறேனே, அதுதான் பிபிடி. இருபத்துநான்கு வருஷமாக இந்த மாதிரிப் பெட்டிகளோடு குடித்தனம் நடத்துகிறவன் நான். அதைப் பற்றித்தான் பேசத் தெரியும்.

ஒரு கேள்வி. ரூட்டருக்குக் கமாண்ட் அடித்தவர்கள் கை தூக்குங்கள். சரி, மண்டபமே தூக்கிவிட்டது. ரூட்டரின் மூடியைக் கழற்றிப் பார்த்தவர்கள்? மூன்று கை. அதில் ஒருவர் லேப் அசிஸ்டெண்ட் அண்ணன்.

இதுதான் என் மனக்குறை. சிமுலேட்டரில் படிப்பதில் தப்பில்லை, நானும் இன்றுவரை பயன்படுத்துகிறேன். ஆனால் சிமுலேட்டர் ரூட்டரில் தூசி படியாது. ஃபேன் நிற்காது. மின்னல் இறங்காது. வேலைக்குப் போன முதல் வருஷம் ராத்திரி இரண்டு மணிக்கு உங்களை எழுப்பப் போகிறவை இவைதான். கமாண்ட் தப்பு என்றால் திருத்தி அடித்துவிடலாம். இரும்பில் தப்பு என்றால் வண்டி ஏறிப் போகவேண்டும்.

மேஜைமேல் இருப்பது சிஸ்கோ ஐஎஸ்ஆர் 4331. கிளை அலுவலகங்களுக்கென்று செய்த ரூட்டர். நம் ஊர் வங்கிக் கிளைகள், ஆஸ்பத்திரிகள் போன்ற இடங்களில் பார்த்திருப்பீர்கள். பார்த்திருப்பீர்கள் என்பதைவிட, அது இருக்கும் அறையின் கதவைப் பார்த்திருப்பீர்கள். உயரம் ஒரு ‘யு’, அதாவது 44.45 மில்லிமீட்டர். ரேக்கில் எல்லாமே இந்த அளவின் மடங்குதான். அகலம் 19 அங்குல ரேக்குக்கு. கழற்றிய ஸ்க்ரூக்களை இந்தத் தேநீர்த் தட்டில் போட்டிருக்கிறேன். ஸ்க்ரூவைச் சட்டைப்பையில் போடாதீர்கள். ஒன்று வீட்டுக்குப் போய்விடும், இன்னொன்று போர்டுமேல் விழுந்து கிடக்கும்.

இதன் மூத்த பாட்டனைப் பற்றி ஒரு வார்த்தை. 1969 ஆகஸ்ட் கடைசியில் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு ஐஎம்பி என்ற பெட்டி வந்து இறங்கியது. ஹனிவெல் 516 என்ற கம்ப்யூட்டரை எடுத்து, பிபிஎன் நிறுவனத்தார் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டுக்காக மாற்றிக் கட்டியது. எடை சுமார் 400 கிலோ. கொக்கி மாட்டித் தூக்க உச்சியில் வளையங்கள். நினைவகம் பன்னிரண்டாயிரம் சொற்கள், சொல்லுக்கு 16 பிட். இன்றைய கணக்கில் 24 கேபி. உங்கள் போனில் வரும் ஒரு ‘குட் மார்னிங்’ படம்கூட அதில் அடங்காது. ஆனால் கட்டியவர்களின் புத்தியைப் பாருங்கள். இது ஆளில்லாத அறையில் நிற்கப்போகிற பெட்டி, கரண்ட் போய் வந்தால் யாரும் கூப்பிடாமலே எழுந்திருக்கவேண்டும் என்று நினைத்தார்கள். ப்ரோகிராம் எங்காவது சிக்கிக்கொண்டால் உதைத்து எழுப்ப ஒரு காவல் டைமர் வைத்தார்கள். நினைவகத்தில் 512 சொற்களை மட்டும் சாதாரணமாக யாரும் அழிக்க முடியாதபடி பூட்டினார்கள். எடை போய்விட்டது, வளையங்கள் போய்விட்டன. இந்த மூன்று ஏற்பாடும் வேறு வேறு வடிவத்தில் இந்தப் பெட்டிக்குள்ளும் இருக்கின்றன.

சிபியுவிலிருந்து ஆரம்பிப்பேன் என்று எதிர்பார்ப்பீர்கள். பாடப்புத்தகம் அப்படித்தான் ஆரம்பிக்கும். நான் பவர் சப்ளையிலிருந்து வருகிறேன், ஏனென்றால் பெட்டி சாவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

இதோ தகரக் கூட்டுக்குள் இருப்பது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை வாங்கி, தாழ்ந்த டிசி ஆக்கி போர்டுக்குக் கொடுக்கிறது. போர்டில் அங்கங்கே பொட்டு வைத்ததுபோல் குட்டி ரெகுலேட்டர்கள் உட்கார்ந்து, அதை 3.3 வோல்ட், 1.8 வோல்ட் என்று இன்னும் கீழே இறக்கிச் சிப்களுக்கு ஊட்டுகின்றன. கூட்டுக்குள் டப்பா டப்பாவாகத் தெரிபவை கெபாசிட்டர்கள். உள்ளே ஈரமான ரசாயனம். சூடு ஏறினால் அது மெல்ல உலரும். பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் பழைய கணக்கு. அதன் தலை தட்டையாக இருக்கவேண்டும். இட்லி மாதிரி உப்பியிருந்தால் அந்தப் பவர் சப்ளைக்கு நாள் குறித்தாயிற்று என்று அர்த்தம்.

தொலைபேசி நிலையங்களில் இதே வேலைக்கு மைனஸ் 48 வோல்ட் டிசி கொடுப்பார்கள். ஏன் மைனஸ்? பாசிட்டிவ் முனையை எர்த்தில் கட்டிவிட்டால், ஈரமண்ணில் புதைந்த தாமிரக் கம்பி அரிக்காது. தந்தி, தொலைபேசிக் காலத்துக் கைவைத்தியம் அது. இன்றைக்கும் பெரிய ரூட்டர்களின் முதுகில் அந்த முனைகள் இருக்கின்றன.

பெரிய ரூட்டர்களில் பவர் சப்ளை இரண்டு இருக்கும். ஒன்று போனால் மற்றது தாங்கும். நான் போய்ப் பார்த்த இடங்களில் பாதியில் இரண்டு வயரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகி, அதை ஒரே யூபிஎஸ்ஸில் மாட்டியிருந்தார்கள். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய பாதுகாப்பை நூற்றைம்பது ரூபாய்ப் பாக்ஸ் தின்றுவிட்டது. சிரிக்காதீர்கள், நீங்களும் செய்வீர்கள். அவசரத்தில் எல்லோரும் செய்கிறோம்.

பவர் சப்ளைக்கு அடுத்து ஃபேன். பெட்டிக்குள் நகர்கிற, தேய்கிற ஒரே உறுப்பு அதுதான். ஒரு பக்கம் காற்றை உறிஞ்சி, ஹீட் சிங்க்குகளின் தகடுகளுக்கு நடுவே ஓட்டி, மறுபக்கம் தள்ளும். வெப்பமானிகள் அங்கங்கே இருக்கின்றன. சூடு ஏறினால் ஃபேன் வேகம் கூடும், இன்னும் ஏறினால் எச்சரிக்கை, அதற்கும் மேலே போனால் பெட்டி தன்னையே அணைத்துக்கொள்ளும்.

எனக்கு நடந்த கதை ஒன்று சொல்கிறேன். ஒரு கிளை அலுவலகம். ஊர் பெயர் வேண்டாம். சித்திரை மாதம். தினமும் பிற்பகல் மூன்று மணி சுமாருக்கு லைன் போகும், ஐந்து மணிக்குத் தானே வரும். மேனேஜர் லைன்காரர்களைத் திட்டினார். லைன்காரர்கள் கேபிளை மாற்றினார்கள். நான் இருந்த இடத்திலிருந்தே ரூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றினேன், இரண்டு தடவை. நான்காம் நாள் பஸ் ஏறிப் போனேன். மர பீரோ ஒன்றின் கீழ்த்தட்டில் ரூட்டர். காற்று உறிஞ்சும் பக்கத்தை ஒட்டி, அணை கட்டியதுபோல் பழைய லெட்ஜர்கள். பீரோவுக்குப் பின்னால் மேற்குச் சுவர். மத்தியானத்துக்கு மேல் வெயில் நேராக அந்தச் சுவரில். லெட்ஜர்களை எடுத்து ஹாலில் அடுக்கினோம். அன்றைக்கு மூன்று மணிக்கு லைன் போகவில்லை. சூட்டில் அணைந்தேன் என்று ரூட்டர் ஒவ்வொரு நாளும் லாக்கில் எழுதி வைத்திருந்தது. நான் அந்த வரிகளைத் தாண்டி, ரூட்டிங் தப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். லைன்காரர்களிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

சரி, நினைவகத்துக்கு வருவோம். ரூட்டருக்கு நாலு விதமான ஞாபகம். பிறவி ஞாபகம் பூட் ரோம்: கரண்ட் வந்ததும் முதலில் கண் விழிப்பது, ஐஎம்பியின் பூட்டிய 512 சொற்களின் வாரிசு. ஃப்ளாஷ் என்பது பரண். ஆப்பரேட்டிங் சிஸ்டம் அங்கே இருக்கிறது, இந்த மாடலில் குறைந்தது 4 ஜிபி. ரேம் கரும்பலகை மாதிரி: கரண்ட் போனால் துடைத்துவிடும். நாலாவது என்விராம். நீங்கள் ‘சேவ்’ கொடுக்கும் கான்ஃபிகரேஷன் போய் உட்காரும் இடம். சேவ் கொடுக்காமல் வீட்டுக்குப் போய், அன்றிரவு கரண்ட் போய், மறுநாள் எல்லாம் காணாமல்போன அனுபவம் இல்லாத நெட்வொர்க் ஆள் யாரும் இல்லை. அது ஒரு காது குத்து மாதிரி, ஒருமுறை நடந்தே தீரும்.

பாஸ்வேர்டு மறந்துபோனால் என்ன செய்வது என்று வைவாவில் கேட்பார்கள். கான்ஃபிகரேஷன் ரெஜிஸ்டர் என்று ஒரு 16 பிட் எண் உண்டு, வழக்கமாக ஹெக்ஸில் 2102. அதை 2142 ஆக்கி ரீபூட் செய்தால் ரூட்டர் என்விராம் பக்கமே பார்க்காமல் வெறும் மூளையோடு எழுந்திருக்கும். பதில் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் இதைச் செய்ய ரூட்டர் முன்னால் நேரில் உட்கார்ந்து, இதோ இந்தக் கன்சோல் போர்ட்டில் கேபிளைச் சொருகவேண்டும். வெளிர்நீலத் தட்டைக் கேபிள், 9600 பாட். ஜிகாபிட் கணக்கில் ஓடும் பெட்டிக்குள் போக நொடிக்கு ஆயிரம் எழுத்துகூட விடாத இந்தச் சந்துதான் கொல்லைப்புற வழி. இப்போது பக்கத்தில் யூஎஸ்பியும் கொடுக்கிறார்கள். ஆக, பெட்டியைத் தொட முடிந்தவன் உள்ளே போய்விடலாம். எந்த ஃபயர்வாலைவிடவும் அந்த அறையின் பூட்டு முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி மூளை. இந்த ஹீட் சிங்க்குக்குக் கீழே பல கோர்கள் கொண்ட ஒரு சிபியு இருக்கிறது. இங்கே ஒரு வேலைப் பிரிவினையைக் கவனியுங்கள். எந்த ஊருக்கு எந்த வழி என்று மற்ற ரூட்டர்களோடு பேசி முடிவெடுப்பது ஒரு வேலை. முடிவான வழியில் பாக்கெட்டைத் தள்ளிவிடுவது இன்னொரு வேலை. முதலாவதை நிதானமாகச் செய்யலாம். இரண்டாவதில் மூச்சுவிட நேரமில்லை. இந்தச் சின்ன ரூட்டரில் ஒரே சிபியுவின் சில கோர்களை முதல் வேலைக்கும் சிலவற்றை இரண்டாவதற்கும் பிரித்துக் கட்டியிருக்கிறார்கள். 1998இல் ஜூனிப்பர் நிறுவனம் வெளியிட்ட எம்40 ரூட்டரிலோ இரண்டுக்கும் தனித்தனி போர்டு, பாக்கெட் தள்ளுவதற்கென்றே வார்த்த சிப். அது நொடிக்கு நான்கு கோடி பாக்கெட் தள்ளியது.

ஒரு விஷயம் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. இந்த 4331ஐ விற்ற காலத்தில், வாங்கும்போது அதன் வேகம் நொடிக்கு 100 மெகாபிட். லைசென்ஸ் வாங்கினால் 300. ஸ்க்ரூ ஒன்றுகூடக் கழற்றவில்லை, சிப் மாற்றவில்லை. இரும்பு அதேதான். பூட்டியிருந்த அறையின் சாவியைத்தான் விற்றார்கள். வியாபாரம் என்றால் அப்படித்தான் என்பார்கள். எனக்கு இன்றுவரை மனசு ஒப்பவில்லை.

மூச்சுவிட நேரமில்லை என்றேனே, அதற்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஈதர்நெட்டின் மிகச்சிறிய பாக்கெட் 64 பைட். முன்னும் பின்னும் கம்பியில் ஆகும் 20 பைட்டைச் சேர்த்தால் 84, அதாவது 672 பிட். ஜிகாபிட் லைனில் அது கடக்க 672 நானோசெகண்ட். நூறு ஜிகாபிட் லைனில்? 6.72. அந்த நேரத்துக்குள் வெளிச்சமே இரண்டு மீட்டர்தான் போகும், இந்த மேஜையைத் தாண்டாது. அதற்குள் பாக்கெட்டின் விலாசத்தைப் படித்து, பல லட்சம் வழிகளில் சரியானதைக் கண்டுபிடிக்கவேண்டும். சாதாரண ரேமில் ஓரிடத்தைத் தொட்டு எடுக்கவே சில பத்து நானோசெகண்ட் ஆகும்.

இதற்காக வந்ததுதான் டீகேம் என்ற நினைவகச் சிப். கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தஞ்சாவூர்க்காரர் யார் என்று தெரியவேண்டும். மொய் நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுவது சாதாரண ரேம். மைக்கைப் பிடித்து, “தஞ்சாவூர்க்காரர் கை தூக்குங்க” என்பது டீகேம். எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள், பொருந்துகிறவர் ஒரே தடவையில் கை தூக்குகிறார். ‘தஞ்சாவூர் ஜில்லா, எந்தத் தெருவானாலும் சரி’ என்பது போன்ற அரைகுறை விலாசத்துக்கும் அது பதில் சொல்லும். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் ஆயிரம் பேரும் விழித்திருக்க வேண்டும். அதனால் கரண்ட் அதிகம், சூடு அதிகம், விலையும் அதிகம். மறுபடி ஃபேனிடம் வந்து நிற்கிறோம் பாருங்கள்.

டீகேம் நிரம்பிவிட்டால்? 2014 ஆகஸ்ட் 12 அன்று உலகம் அதைப் பார்த்தது. அப்போது உலக இணையத்தின் வழிப்பட்டியல் ஐந்து லட்சத்தைத் தாண்டி, 5,24,288 என்ற எல்லையை நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டின் பத்தொன்பதாம் அடுக்கு. அன்று அமெரிக்காவின் வெரைசன் நிறுவனம் சுமார் பதினைந்தாயிரம் புது வழிகளைக் கொஞ்ச நேரம் அறிவித்துவிட்டது. எல்லை உடைந்தது. பல இடங்களில் ஓடிக்கொண்டிருந்த சிஸ்கோ 6500, 7600 வகைப் பெட்டிகளில் ஐபிவி4க்கு ஒதுக்கிய டீகேம் அந்த எண்ணோடு முடிந்தது. மிஞ்சிய வழிகள் சிபியுவின் தலையில் விழுந்தன, சிபியு மூச்சுத் திணறியது, பல தளங்கள் தடுமாறின.

இதில் வேடிக்கை, சிப்பில் இடம் இருந்தது. மொத்தம் பத்து லட்சம் வழிக்கு இடம். அதில் பாதியை ஐபிவி6க்கென்று தடுப்பு வைத்து ஒதுக்கியிருந்தார்கள், அந்தப் பாதி பெரும்பாலும் காலி. தடுப்பை நகர்த்த ஒரே ஒரு கமாண்ட், ஒரு ரீபூட். சிஸ்கோ சில மாதங்களுக்கு முன்னாலேயே எச்சரித்தும் இருந்தது. ஓடுகிற பெட்டியை யார் அணைப்பது என்று ஆளாளுக்குத் தள்ளிப்போட்டார்கள். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் நானும் தள்ளித்தான் போட்டிருப்பேன்.

போர்ட்டுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அவை உங்களுக்குப் பழக்கமானவை. இந்தப் பெட்டியில் மூன்று ஜிகாபிட் வழிகள், ஆர்ஜே45 வாய் இரண்டு, எஸ்எஃப்பி வாய் இரண்டு. மூன்றுக்கு ஏன் நான்கு வாய்? ஒரு வழிக்கு இரண்டு வாயும் உண்டு, எதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். கூடவே கார்டு செருக இரண்டு சின்ன ஸ்லாட், ஒரு பெரிய ஸ்லாட். விரல் அளவில் இருக்கும் இந்த எஸ்எஃப்பிக்குள் ஒரு லேசர். பத்து கிலோமீட்டர் போகிற வகை, 1310 நானோமீட்டர் ஒளி, கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லையே என்று உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள். அந்த ஒளி போகும் கண்ணாடி இழையின் நடுத்தண்டு 9 மைக்ரான். அதன் வாயில் ஒரு தூசி உட்கார்ந்தால் கிணற்றை மலை அடைத்தமாதிரி. இந்த ரப்பர் மூடியை எல்லோரும் முதல் நாளே தொலைத்துவிடுகிறார்கள். தொலைக்காதீர்கள். இன்னொன்று, கண்ணாடி இழையில் மின்னல் ஏறி வராது. தாமிரக் கம்பியில் வரும். ஐப்பசி மழையில் ஒரே இடியில் கருகிய மூன்று கார்டுகளை இந்தக் கையால் கழற்றியிருக்கிறேன். மூன்று இடத்திலும் எர்த் வயர், ரேக்கின் பெயின்ட் மேல் ஸ்க்ரூ வைத்து முறுக்கியிருந்தது. பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு இரும்போடு இரும்பாக முறுக்கவேண்டும்.

கடைசியாக இந்த 4331 பற்றியே ஒரு விஷயம். 2017 பிப்ரவரியில் சிஸ்கோ ஒரு அறிவிப்பு வெளியிட்டது. சில மாடல்களில் கடிகார சிக்னல் தரும் ஒரு உறுப்பு, சுமார் 18 மாதம் ஓடியபிறகு பழுதாக ஆரம்பிக்கலாம் என்று. பட்டியலில் இந்த மாடலும் இருந்தது. கடிகாரம் என்றால் மணி காட்டுவது இல்லை. போர்டிலுள்ள சிப்கள் எல்லாம் ஒரே தாளத்தில் நடக்க ஒரு துடிப்பு வேண்டும், மிருதங்கம் மாதிரி. அது நின்றால் பெட்டி நின்றுவிடும், மறுபடி பூட் ஆகாது, சரிசெய்யவும் முடியாது. அறிவிப்பிலேயே இப்படித்தான் இருந்தது. யார் செய்த உறுப்பு என்று சிஸ்கோ சொல்லவில்லை. அதே சமயத்தில் இன்டெல், தன் ஆட்டம் சி2000 சிப்பின் பிழைக்குறிப்பில், கடிகார வெளியீடு நின்றுபோகலாம் என்று சேர்த்திருந்தது. 2016 நவம்பர் 16 தேதியில் வாரண்டியோ சர்வீஸ் ஒப்பந்தமோ உள்ளவர்களுக்கு மாற்றுப் பெட்டி என்று சிஸ்கோ சொன்னது. அந்த வாரம் என் வேலை என்ன தெரியுமா? ரூட்டிங்கும் இல்லை, செக்யூரிட்டியும் இல்லை. ஒவ்வொரு கிளைக்கும் போன் போட்டு, பெட்டியில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரை டார்ச் அடித்துப் படிக்கச் சொன்னேன். பாதிப் பேருக்கு எது ரூட்டர், எது சுவிட்ச் என்று தெரியவில்லை.

உங்கள் கல்லூரி லேபிலும் ரேக் இருக்கிறது. நாளைக்கே ஒரு நோட்டில் ஒவ்வொரு பெட்டியின் மாடல், சீரியல் நம்பர், ஃபேன் கடைசியாகத் துடைத்த தேதி மூன்றையும் எழுதுங்கள். ஆசிரியர்கள் அனுமதிக்கவேண்டும் என்று மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.

இந்தப் பெட்டியை நான் எடுத்துப்போகவில்லை, சாயங்காலம்வரை இங்கேயே இருக்கும். ஸ்க்ரூட்ரைவர் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, கையில் மாட்டும் எர்த் பட்டையும் இருக்கிறது. பட்டையை மாட்டிக்கொண்டு ரேம் கார்டைக் கழற்றி மாட்டுங்கள், ஃபேனைச் சுற்றிப் பாருங்கள். பவர் சப்ளையின் தகரக் கூட்டை மட்டும் திறக்காதீர்கள். வயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் கரண்ட் மிச்சம் இருக்கும்.